எங்கள் கேக் மஸ்கெலியா பஸ்ஸில் போன கதை

2023 டிசம்பரில் மூன்று வாரம் இலங்கை மலையகத்து ஹட்டனில் இருந்துவிட்டு வந்தேன். "ஊர் எப்படி இருக்கிறது?" என்று டொரொண்டோவில் யார் கேட்டாலும் கேக் கதையைத்தான் சொல்கிறேன். மனைவிக்கு அலுத்துவிட்டது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் பத்து நிமிடத்தில் வெளியே வந்தோமே, ரயிலில் ஜன்னல் பக்கம் கிடைத்ததே, அம்மாவின் கண் பரிசோதனை ஒரே நாளில் முடிந்ததே, அதையெல்லாம் சொல்லக் கூடாதா என்கிறாள். சொல்லலாம்தான். ஒழுங்காக நடந்ததில் சொல்ல என்ன இருக்கிறது?

கிறிஸ்மஸுக்குக் கேக் அடித்து, தட்டில் ஊற்றி, பேக்கரிப் போறணையில் (விறகு அடுப்பில்) கொடுத்துச் சுட்டு வாங்குவது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் சின்னப் பையனாக இருந்தபோது அதுதான் வழி. அப்புறம் வீடுகளில் மின்சார அடுப்பு வந்தது. எங்கள் அம்மாவுக்கும் 2015இல் ஒன்று வாங்க நான்தான் பணம் அனுப்பினேன். இந்த முறை போய்ப் பார்த்தால் அதற்குள் வெங்காயமும் பூண்டும் இருந்தன. மேலே பிரஷர் குக்கர் பெட்டி. ஏன் அம்மா என்றால், "கரண்டு பில்லை நீ கட்டுறியா?" என்றார். நான்தான் கட்டுகிறேன். அதைச் சொல்லிக்காட்ட முடியுமா? அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 2023 பெப்ரவரியில் 66 வீதம் ஏற்றினார்கள், ஒக்டோபரில் மறுபடியும் 18 வீதம். காஸ் சிலிண்டர் 3,500 ரூபாய்க்கு மேல். ஆகவே, கைவிட்டுப் போயிருந்த பழக்கம் திரும்பி வந்திருந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு ஊரே மறுபடி பேக்கரி வாசலில் நின்றது.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அந்த விறகுப் போறணை வாசனைக்காக எத்தனையோ குளிர்கால இரவுகள் ஏங்கியிருக்கிறேன். டொரொண்டோவில் எங்கள் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் பாணைச் சுடச்சுட இறக்குகிறார்கள், வாசனையும் வருகிறது, ஆனால் அந்தப் புகை இல்லை.

பழம் வெட்டுவது டிசம்பர் முதல் வாரமே தொடங்கிவிட்டது. அம்மா ரவையை வறுத்து பட்டரில் ஊறவைத்தார். சீனிப்பாகில் ஊறிய பூசணித் தோசி, இஞ்சித் தோசி, செரி, பிளம்ஸ் எல்லாவற்றையும் பொடியாக வெட்டி பிராண்டி ஊற்றி மூடினார். ஏலம், கறுவா, கராம்பு இடித்தது என் வேலை. முட்டை மஞ்சள் கரு மட்டும் இருபத்தைந்து. அந்த வருடம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள். "கேக்கு கூட இந்தியாவுல இருந்துதான் வரணும் போல, நம்மள மாதிரி" என்று சித்தி சொல்ல, அம்மா சிரித்தார். எங்கள் முன்னோர் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து மலையகத்துக்கு வந்து 200 வருடம் என்று அந்த வருடம் முழுக்க ஊரெல்லாம் கூட்டமும் நடைபயணமும் நடந்திருந்தன. பஸ் ஸ்டாண்ட் சுவரில் பாதி கிழிந்த சுவரொட்டி ஒன்று இன்னும் இருந்தது.

நான் டொரொண்டோவிலிருந்து ஒரு கேக் தட்டு கொண்டுபோயிருந்தேன். சதுரம், எட்டு அங்குலம், உள்ளே ஒட்டாத கறுப்புப் பூச்சு, வெளியே ரோஜாத் தங்க நிறம். பார்த்தால் நகைப்பெட்டி போல இருக்கும். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அம்மா "நல்லாத்தான்" என்றால் நல்லா இல்லை என்று அர்த்தம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

டிசம்பர் 22, வெள்ளிக்கிழமை. கிறிஸ்மஸ் திங்கட்கிழமை, மறுநாள் செவ்வாய் உந்துவப் போயா என்ற பௌர்ணமி விடுமுறை, அன்றைக்கே சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவமும் தொடங்குகிறது. நான்கு நாள் தொடர் விடுமுறை. ஹட்டன் டவுனை நினைத்துப் பாருங்கள். இருப்பதே ஒரு மெயின் வீதி. ஒரு பக்கம் மலையேற வருபவர்களுக்குக் கம்பளித் தொப்பி, இன்னொரு பக்கம் பிள்ளைகளுக்கு மினுங்கும் சட்டை, நடுவில் பட்டாசு, அதற்கு நடுவில் சைப்ரஸ் கொப்பைத் தோளில் சுமந்துகொண்டு போகிற ஆட்கள். ஜனவரி முதலாம் திகதியிலிருந்து வாட் 18 வீதமாம், இப்போதே வாங்குங்கள் என்று ஒரு துணிக்கடைக்காரர் மைக்கில் கத்தினார். வரியையும் விளம்பரமாக்கிய ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். குடை முனை கண்ணில் படாமல் நடப்பதே ஒரு வித்தை. பதினேழு வருடத்தில் அதை மறந்துவிட்டேன் போலிருக்கிறது, மூன்று குத்து வாங்கினேன்.

பேக்கரியின் பெயர் வேண்டாம். ஹட்டன்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. கடைக்குப் பின்னால் சந்து வழியாகப் போனால் போறணை. அங்கே போறணையைப் பார்க்கும் பாஸ், தெற்கே சிங்கள ஊரான மாத்தறைப் பக்கத்து ஆள், ஹட்டனுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். அவர் தமிழ் என் தமிழைவிட மலையகத் தமிழ். சாயந்திரப் பாண் இறங்கிய பிறகு, தணலை வாரி வெளியே தள்ளி, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, சூடு இறங்கும்வரை காத்திருந்துதான் கேக் தட்டுகளை உள்ளே விடுவார். பாணுக்கு வேண்டிய சூட்டில் கேக்கை வைத்தால் மேலே கரி, நடுவே களி.

நான் தட்டை நீட்டினேன். பக்கத்தில் கெட்டியான டேப் ஒட்டி, அதில் கறுப்புப் பேனையால் அம்மாவின் பெயர், டிக்கோயா, தொலைபேசி இலக்கம் எல்லாம் எழுதியிருந்தேன். பாஸ் அதைப் பார்த்தார்.

"தம்பி, இது கருகிப் போயிரும்."

"பரவாயில்ல பாஸ், இருக்கட்டும். ஒரு அடையாளத்துக்கு."

"அம்மாவோட பழைய தட்டு எங்க?"

"அது பழசாப் போச்சு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஒரு துண்டுச் சீட்டாவது தருவார் என்று நின்றேன். "காலையில ஏழு மணிக்கு வாங்க" என்று மட்டும் வந்தது. ரசீது? இல்லை. இலக்கம்? இல்லை. கொப்பியில் பெயர்? கொப்பியே இல்லை. எழுபது எண்பது தட்டு அடுக்கியிருக்கிறது, ஒரு எழுத்து எங்கும் இல்லை. அங்கே ஒரு சட்டையைச் சலவைக்குக் கொடுத்தால்கூட மின்னஞ்சல், குறுஞ்செய்தி, பார்கோட் என்று மூன்று வந்து விழும். இங்கே ஐந்தாறாயிரம் ரூபாய்ப் பொருளை ஒரு மனிதரின் ஞாபகத்தில் வைத்துவிட்டு வருகிறேன்.

(பழைய தட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி அப்பா செய்வித்தது. விளிம்பில் ஆணியால் மூன்று துளை. ஒவ்வொரு வீட்டுத் தட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும், டோபி துணியில் போடும் குறி மாதிரி. ஒன்றில் சிலுவைக் கீறல், ஒன்றில் செம்புக் கம்பி, ஒன்றில் மூலையை மடித்த மடிப்பு. போறணைக்குள் எரியாத பெயர்கள். வந்த முதல் வாரம் அடுப்படியைச் சுத்தம் செய்கிறேன் என்று நான்தான் அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். மற்ற சாமான்களோடு சேர்த்து நூற்றிருபது ரூபாய் தந்தார். அரைக் கனடா டொலர்.)

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போனேன். பாஸ் இரவெல்லாம் நின்றுவிட்டுத் தூங்கப் போயிருந்தார். கையாள் பையன் ஒருவன் தட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். தட்டுகளைப் பஸ் பாதை பார்த்து அடுக்கியிருந்தார்கள். டவுன்காரர்கள் கீழே, டிக்கோயா அடுத்தது, அதற்கு மேலே நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, அந்தப் பக்கத்தில் கொட்டகலை, தலவாக்கலை. பஸ்ஸுக்கு ஓடி வருகிறவர்களுக்கு உடனே எடுத்துக் கொடுக்க வேண்டுமே. ஆக, ஏதோ ஒரு ஒழுங்கு இருந்தது, என்னிடம்தான் யாரும் சொல்லவில்லை. என் தட்டு தூரத்திலேயே மினுங்கியது. டேப் இருந்த இடம் என்று நான் நினைத்த இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு. "இதுதான்" என்று நானே கைகாட்டினேன். பையன் தந்தான். தட்டுக்கு 200 ரூபாய். ஆயிரம் ரூபாய்த் தாளுக்குச் சில்லறை இல்லை என்று மீதியில் ஒரு பகுதியைக் கிம்புலா பணிஸாகக் கொடுத்தான். அதிலும் எனக்குச் சந்தோஷம். வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒன்றைத் தின்றேன்.

அம்மா வழக்கப்படி மூலையில் ஒரு சின்னத் துண்டு வெட்டினார். வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார்.

"இது நம்ம கேக் இல்ல."

"என்னம்மா, தட்டைப் பாருங்க."

"தட்டையா திங்கிறது? நான் கஜு போட்டேன். இதுல கச்சான்."

நானும் தின்று பார்த்தேன். கஜு என்ற முந்திரி இல்லை, கச்சான்தான், நிலக்கடலை. பிராண்டி வாடை துளியும் இல்லை. பிளம்ஸைச் சாயத்தண்ணியில், பால் சேர்க்காத தேநீரில், ஊறவைத்திருக்கிறார்கள். அம்மா இன்னொரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "ஆனா பதமா அடிச்சிருக்காங்க, நல்லாக் கை தெரிஞ்ச ஆளு" என்றார். அப்புறம் மெதுவாக, "கஜு விலைக்கு அவங்க என்ன செய்வாங்க" என்றார். தேயிலைத் தோட்டத்தில் நாட்சம்பளம் 2021இலிருந்து அப்போதுவரை ஆயிரம் ரூபாயாகத்தான் இருந்தது. ஒரு கிலோ கஜு வாங்க மூன்று நாள் மலையேறிக் கொழுந்து பறித்தாலும் போதாமல் இருந்தது.

அம்மாவுக்கு இரக்கம், எனக்குக் கோபம். நேரே பேக்கரிக்குப் போய் நின்றேன். அரைத் தூக்கத்தில் சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்த பாஸிடம் ஒரு பிரசங்கமே செய்தேன். ஒரு கொப்பி, ஒரு பேனை, பெயரும் நம்பரும், இவ்வளவுதானே வேண்டும்? கனடாவில் இப்படி நடக்குமா? அங்கே பார்சல்காரன் வாசலில் பெட்டியை வைத்துப் படம் பிடித்து அனுப்புகிறான், தெரியுமா? அவர் கேட்டுக்கொண்டே நின்றார். முழுக்கக் கேட்டார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"ரெண்டு தட்டு ஒரே மாதிரி வந்திச்சு தம்பி. ரெண்டும் வெளிநாட்டுத் தட்டு." பையனைக் கூப்பிட்டார். "டேய், மத்த மினுங்கல் தட்டை யாருக்குடா குடுத்த?"

பையன் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "பச்ச ஸ்வெட்டர் போட்ட அக்கா. ஆறே கால் மஸ்கெலியா பஸ்ஸுக்கு ஓடினாங்க. மக குவைத்துல இருந்து அனுப்பின தட்டுன்னு சொன்னாங்க."

எந்த நாட்டிலோ செய்த ஒரே தட்டு, ஒன்று டொரொண்டோ வழியாக, மற்றது குவைத் வழியாக வந்து, ஹட்டன் போறணையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளூர்த் தகரங்கள் அத்தனையும் சரியான வீட்டுக்குப் போய்விட்டன. மாறியது இந்த இரண்டும்தான்.

சரி, இனி என்ன செய்வது? தொலைபேசி இலக்கம் கிடையாது, பெயர் தெரியாது. பாஸ் தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு, "வாங்க" என்று நடந்தார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார், அவர் ஒரு கண்டக்டரைக் காட்டினார். கண்டக்டருக்குப் பச்சை ஸ்வெட்டர் போதவில்லை. "மக குவைத்" என்றதும் முகம் மலர்ந்தது. "ஆமா, மாதா கோயிலடியில எறங்குவாங்க. கேக்கைக் குடுங்க, அங்க கடையில வச்சிட்டுப் போறேன். அவங்க வந்து எடுத்துக்குவாங்க. உங்களுதை நாளைக்குக் கொண்டாறேன்."

நான் வீட்டுக்கு ஓடி, மூலை வெட்டிய அந்தக் கேக்கை எடுத்து வந்தேன். அம்மா அதோடு ஒரு கடதாசிச் சரையில் கால் கிலோ கஜுவை மடித்து வைத்திருந்தார், நான் ஒன்றும் கேட்கவில்லை. கண்டக்டர் கேக்கை டிரைவருக்குப் பக்கத்தில், எஞ்சின் பெட்டி மேல், பிள்ளையார் படத்துக்கும் மாதா படத்துக்கும் கீழே வைத்தார். ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, மெஷினைத் தட்டி ஒரு டிக்கட் கிழித்தார். "ஒரு சீட் காசு மட்டும் தாங்க." நேற்றிலிருந்து ரசீது ரசீது என்று கேட்டுக்கொண்டிருந்தேன் அல்லவா, எனக்குக் கிடைத்த ஒரே ரசீது கேக்குக்கு எடுத்த பஸ் டிக்கட். இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

சனி சாயந்திரம் ஒரு தகவலும் இல்லை. இரவும் இல்லை. சித்தி வந்து, "போன கேக்கு வருமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிரவு எனக்கு மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு சங்கதி ஞாபகம் வந்தது. டொரொண்டோவில் எங்கள் பார்சல் ஒன்று வாசலில் வைத்து, படமும் பிடித்து, பிறகு காணாமல் போனது. போன் செய்தால், "படம் இருக்கிறதே ஐயா, நாங்கள் கொடுத்துவிட்டோம்" என்றார்கள். அதோடு முடிந்தது. இதை நான் பாஸிடம் செய்த பிரசங்கத்தில் சேர்க்கவில்லை.

ஞாயிறு, 24ஆம் திகதி. பகல் ஒரு மணியிலிருந்து பஸ் ஸ்டாண்டில் நின்றேன். மழை தூறல். மஸ்கெலியாப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எட்டிப் பார்த்தேன். உல்லாசப் பயணிகள் இரண்டு பேர் என்னைப் பார்த்து நான் ஆட்டோக்காரன் என்று நினைத்து விலை கேட்டார்கள். ஒருவேளை ஸ்வெட்டர் காரணமாக இருக்கலாம். கால் கடுத்து, இரண்டு சாயத்தண்ணி குடித்து, ஊரைத் திட்டி, என்னைத் திட்டி, மணி மூன்றே முக்காலுக்கு அந்தக் கண்டக்டர் ஒரு துணி மூட்டையோடு இறங்கினார்.

மூட்டைக்குள் மினுங்கல் தட்டு. அதில் எங்கள் கேக், முக்கால்வாசி. மிச்சம் கால்வாசியின் இடத்தில் சுத்தமாக வெட்டிய வெட்டு. கூடவே ஒரு நீடோ பால்மா டின் நிறைய ஸ்டோர்த் தேயிலை, தோட்டத்துத் தொழிற்சாலைத் தேயிலை. ஒரு கொப்பித் தாள், பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்தில்:

"மன்னிச்சிடுங்க. நேத்து ராத்திரி கரோல் வந்த பிள்ளைகளுக்கு வெட்டினப்புறம்தான் கடைக்காரர் சொன்னார். எங்க வீட்டில் சாராயம் சேர்க்கிறதில்லை. பிள்ளைகள் சாப்பிட்டாச்சு. கேக் நல்லா இருந்தது. கஜுவுக்கு நன்றி. கிறிஸ்மஸ் வாழ்த்துக்கள்."

அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். "பிராண்டி கேக்க சின்னப் பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டாங்களே" என்று ஒரு பக்கம் பதறினார், மறுபக்கம் சிரிப்பை அடக்க முடியவில்லை. தேயிலையை உடனே போட்டுக் குடித்தோம். டொரொண்டோவில் "சுத்தமான சிலோன் தேயிலை" என்று எழுதிய பெட்டிக்கு நான் கொடுக்கும் விலையை அம்மாவிடம் சொல்லவில்லை.

நடுச்சாமப் பூசைக்குப் போனோம். கோயில் வாசலில் பொலிஸ் பைகளைத் திறந்து பார்த்தார்கள், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் அப்படித்தானாம். பூசை முடிந்து வந்து அந்த முக்கால் கேக்கை வெட்டினோம். பாஸுக்கு ஒரு பங்கு எடுத்து வைத்தேன். காலையில் கொண்டுபோய்க் கொடுத்தபோது தின்று பார்த்துவிட்டு, "அம்மா இந்த வருசம் ஏலம் கொஞ்சம் கூடப் போட்டிருக்காங்க" என்றார். இடித்தவன் நான் என்று சொல்லவில்லை.

ஒரு விஷயம் மட்டும் தீரவில்லை. திரும்பி வந்த தட்டு எங்களுடையதா, குவைத் தட்டா? கழுவித் துடைத்து வைத்துப் பார்த்தோம், ஒன்றும் பிடிபடவில்லை. போயா அன்று மத்தியானம் அடுப்படிப் பக்கம் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அம்மா வாசல்படியில் உட்கார்ந்து, தட்டைக் கவிழ்த்துப் பிடித்து, அம்மிக் குழவியால் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். விளிம்பில் இரண்டு துளை ஆகியிருந்தது.

"அம்மா, அந்தப் பூச்சு உரிஞ்சா விஷம்!"

"அடுத்த வருசம் காயிதம் போட்டுத்தானே ஊத்துவேன்" என்று சொல்லிவிட்டு மூன்றாவது ஆணியை வைத்தார்.